துளசிராமின் நீண்ட மத்தியானம்

சாத்தனேந்தல் பிளேன்ரோட்டில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மத்தியானத்தில், நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த துளசிராம், மிளகாய் நெடிக்குள்ளிருந்து தன் ரெட்டை சைலன்சர் வண்டியோடு வெளியே வந்து, பிரேக் பிடித்து, சக்கரம் வத்தலில் வழுக்கி நின்றதும் இடது காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் கிளறுகட்டையோடு நின்ற செல்லக்கனியிடம், "யாருக்கா முதல்ல?" என்று கேட்டான்.

செல்லக்கனி தும்மி முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதுல தம்பி?" என்றாள்.

"ரேஸ்லதான்."

"எனக்கென்ன தெரியும். பெரியவங்க யாரையாச்சும் கேளு" என்று சொல்லிவிட்டு, அவன் சக்கரம் கலைத்துப்போட்ட வத்தலை மறுபடி பரப்ப ஆரம்பித்தாள்.

பெரியவங்க யாரையாச்சும் கேளு என்பது எங்கள் ஊரில் மனசாரச் சொல்லும் சொல் அல்ல, வெளியூர்க்காரரைக் கழற்றிவிடச் சொல்வது. பெரியவர்களிடம் எதையும் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அவர்கள் ஒரு பேச்சை எடுத்தால் பாதியிலேயே தலையாட்டி, மீதியை நாங்களே முடித்துக்கொடுத்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவோம். எல்லாம் கேட்ட பேச்சுதான் என்பது எங்கள் எண்ணம்.

பிளேன்ரோடு என்பது வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு சண்டைக்காக முள்ளுக்காட்டை அழித்துப் போட்ட சிமெண்ட் தரை. சண்டை முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, தரையை யாரும் சுருட்டிக்கொண்டு போகவில்லை. அதன் கிழக்குப் பாதி மிளகாய்க்கு, மேற்குப் பாதி மற்ற எல்லாவற்றுக்கும் என்று ஊர் பிரித்துக்கொண்டது. சைக்கிள் பழகுவது, கல்யாணப் பந்தல் போடுவது, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவர்கள் போய் நின்று யோசித்துவிட்டுத் திரும்புவது எல்லாம் மேற்குப் பாதியில். வருஷத்துக்கு ஒருமுறை மதுரைக்காரர்கள் வந்து டிராக் ரேஸ் நடத்துவார்கள். அன்றைக்கு மட்டும் முழுத் தரையும் அவர்களுக்கு. விடியும்போதே பெண்கள் மிளகாயைக் கூட்டி ஓரத்தில் குவித்துவிட வேண்டும். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கொடி இறங்கும், கால் மைல் தூரம் நேர்கோட்டில் ஓடும், அவ்வளவுதான். வாயில் போட்ட வெற்றிலையை மெல்வதற்குள் முடிந்துவிடும் அந்த ஓட்டத்தைப் பார்க்க எங்கள் ஊர் வெற்றிலைச் செல்லத்தோடு போய் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கும்.

துளசிராம் காணாமல் போன வருஷத்தில் கடைசி ஓட்டம் அவனுக்கும் எங்கள் ஊர் காசிமுக்கும் என்று ஆகியிருந்தது. துளசிராம் மதுரையில் சாயப்பட்டறைக்காரர் மகன். அவன் அப்பா தன் கையால் முக்கியெடுத்த சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறுவான். வடக்கே எங்கெங்கோ போய் ஜெயித்தவன், பத்திரிகையில் படம் வந்தவன். காசிம் சைக்கிள் கடை ராவுத்தர் மகன். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களால் ஒரு வண்டியைத் தானே பூட்டியவர். காலை ஓட்டங்கள் முடிந்ததும் மதுரைக்காரர்கள் பந்தலுக்குப் போய் இலை போட்டு உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கடைசி ஓட்டம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எங்கள் ஊரில் சாப்பாடு போட்டுவிட்டால் விசேஷம் முடிந்தது என்று அர்த்தம். இலை விரித்ததைப் பார்த்த பெண்கள், இனி இருக்கிற வெயிலையாவது வீணாக்காமல் இருப்போம் என்று, குவித்த மிளகாயை மறுபடி கிழக்குப் பாதியில் பரப்பிவிட்டார்கள். ஓட்டம் முடிகிற சுண்ணாம்புக் கோடு அந்த மிளகாய்க்கு அடியில் போய்விட்டது. மேற்கே கொடி இறங்கியபோது கிழக்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வண்டிகளும் மிளகாய்க்குள் புகுந்தன. செக்கச்செவேல் என்று புழுதி எழுந்து, பந்தல், ஜனம், கொடிபிடித்தவர், சாப்பிட்ட இலையை நக்கிக்கொண்டிருந்த நாய் எல்லாம் தும்மித் தீர்த்தது. நெடி அடங்கிப் பார்த்தால் காசிம் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வண்டியோடு நின்றார். துளசிராம் இல்லை. கிணறு, கண்மாய், கருவேலங்காடு எல்லாம் தேடினார்கள். போலீஸ் நாய் வந்து, பிளேன்ரோட்டில் ஒரு தடவை மூக்கை வைத்துவிட்டு, அப்புறம் யார் இழுத்தும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. நடத்தினவர்கள் கண்ணீரும் சளியுமாகக் காசிமின் கையைத் தூக்கிப் பிடித்து, கப்பைக் கொடுத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்கள். அதற்கப்புறம் ரேஸ் நடக்கவில்லை.

காசிம் கப்பை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. டீக்கடையில் வைத்துவிட்டு, "நான் ஜெயிக்கல" என்றார். கடைக்காரர், "இருக்கட்டுய்யா, உன் அடக்கம் யாருக்கு வரும்" என்று அதில் கரண்டிகளைப் போட்டுவைத்தார். அன்றிலிருந்து காசிம் எங்கே பேச்செடுத்தாலும் "நான் ஜெயிக்கல" என்று ஆரம்பிப்பார். உடனே யாராவது, "தெரியும் பாய், நீங்க தங்கமான மனுசன்" என்று முடித்துவைப்பார்கள். கல்யாணமான புதிதில் மனைவியும், வளர்ந்தபின் பிள்ளைகளும், பள்ளிவாசல் ஆட்களும், பஸ் கண்டக்டர்களும் அப்படியே முடித்துவைத்தார்கள். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுப்பதை விட்டுவிட்டார். சைக்கிள் கடையில் குனிந்தபடியே தலை நரைத்துப்போனது.

இப்போது துளசிராம் வந்து நிற்கிறான். வண்டியை அணைக்கவில்லை. "அணைச்சா ரேஸ் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். யார் முதல்லன்னு தெரியாம எப்படி அணைக்கிறது" என்றான். கால் ஊன்றலாம், இறங்கக் கூடாது என்பதும் விதியாம். சரி, நிற்கட்டும் என்று ஊர் ஒத்துக்கொண்டது. வெயிலாக இருக்கிறதே என்று நாலு மூங்கிலை நட்டு மேலே தென்னந்தட்டி போட்டார்கள். அவனுக்கு இன்னும் அந்த மத்தியானம்தான் நடந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்து, விடிந்து, மறுபடி சாய்ந்தாலும் அவனுக்குச் சாப்பிட்டு எழுந்த வயிறு அப்படியே இருந்தது, தூக்கம் வரவில்லை, தாடி வளரவில்லை. வண்டிமேல் வைத்தே சவரம் செய்துவிட ஆசையாகக் கிண்ணத்தோடு வந்த முடிதிருத்துகிறவர் ஏமாந்துபோனார்.

முதலில் எழுந்தது பெட்ரோல் பிரச்சினை. புதிய வண்டிகளின் பெட்ரோலை ஊற்றினால் அவன் வண்டி இருமியது. அதற்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஒத்துக்கொள்ளும். அது பழைய டி.வி.எஸ். பிஃப்டி வைத்திருக்கிறவர்களிடம் மட்டும்தான் இருந்தது. செல்லக்கனியைத் தவிர அவர்கள் எல்லோரும் பல்லுப்போனவர்கள். ஊரே கேலி செய்த அந்த வண்டிகள், பின்னால் வைக்கோலும் முன்னால் ஆட்டுக்குட்டியுமாகப் போய்வந்துகொண்டிருந்தவை, ஒரே நாளில் மரியாதை பெற்றன. பிரசிடெண்ட் சண்முகவள்ளி அவர்களைக் கூட்டி, கோயில் கஞ்சிக்கு முறை வைப்பதுபோலப் பெட்ரோல் முறை வைத்தார். முறைக்காரர் குளித்து, துவைத்த துணி கட்டி, பாட்டிலில் பெட்ரோலை எடுத்துக்கொண்டு பிளேன்ரோட்டுக்கு நடப்பார். ஊற்றி முடித்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து துளசிராமோடு பேசுவார். அது முறையில் சேராது, ஆனால் அதற்காகத்தான் எல்லோரும் போனார்கள்.

துளசிராமை அந்த நாளில் ஒரு நொடியாவது பார்த்துப் பேசியதாகச் சொல்லிக்கொள்ளாத கிழம் எங்கள் ஊரில் இல்லை. அதை நாங்கள் யாரும் முழுசாகக் கேட்டதும் இல்லை. இப்போது கேட்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு நாற்பது வருஷத்துப் பேச்சு அவனுக்கு அன்று காலைப் பேச்சு, பொய்யா மெய்யா என்று அங்கேயே தெரிந்துவிடும். தென்னந்தட்டிக்குக் கீழே ஜனம் கூடியது. கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து தன் கதையைச் சொல்ல, துளசிராம் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகியபடி கேட்டான். அவர்களுடைய சுருங்கிய முகங்கள் அவனுக்கு வித்தியாசமாகப் படவில்லை, மிளகாய்ப் புழுதி அப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான் போல.

"தம்பி, உங்க சிகரெட்டுக்கு நெருப்புக் குடுத்தது நான்தான்" என்றார் பூச்சித்தேவர்.

"நான் சிகரெட் குடிக்கறதில்லண்ணே. நீங்கதான் குடிச்சீங்க. என் மூஞ்சில ஊதினீங்க."

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அங்கம்மா எழுந்தார். "நான் குடுத்த எலுமிச்சங்கா ஊறுகாய நல்லா இருக்குன்னு சொன்னியா இல்லியா?"

"ஊறுகாய் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா குடுத்தது உங்க மாமியா. நீங்க, 'ஊரான் பிள்ளைக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டா வீட்டுக்கு என்ன செய்ய'ன்னு அடுப்படில சத்தம் போட்டீங்க."

"அது காதுல விழுந்துச்சா?" என்றார் அங்கம்மா. கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மறுநாளே ஒரு பாட்டில் ஊறுகாயோடு வந்து, "இந்தா, இப்ப நான் குடுக்கறேன், கணக்குச் சரி" என்று ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போனார்.

யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் குழப்பம் வந்தது. அன்றைக்குத் தம்பி என்று கூப்பிட்டவர்கள் தம்பி என்றே கூப்பிடலாம், அண்ணே என்று கூப்பிட்டவர்கள் பல்லில்லாத வாயாலும் அண்ணே என்றே கூப்பிட வேண்டும், பிறகு பிறந்தவர்கள் தங்கள் இஷ்டம் என்று டீக்கடை ராக்கப்பன் தீர்ப்புச் சொல்ல, அது நிலைத்தது. ஒரு நாள் வெளியூரிலிருந்து கான்ஸ்டபிள் ஒருவர் வந்து லைசென்ஸ் கேட்டார். துளசிராம் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். கான்ஸ்டபிள் அதை முன்னும் பின்னும் பார்த்து, "இது காலாவதி ஆயிருச்சே" என்றார். "எப்பங்கய்யா?" என்று துளசிராம் உண்மையாகவே கேட்டான். கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். "சரி, புதுப்பிச்சுக்கங்க" என்று சொல்லி, டீ குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பஸ் பயணிகள் ஜன்னல் வழியாக, சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்வது எளிதாக இருந்தது.

செல்லக்கனி மட்டும் தள்ளியே இருந்தாள். அவளுக்கு யாரிடமும் பேர் சொல்லும்படியான கதை இல்லை. அந்த ரேஸ் நடந்தபோது கைப்பிள்ளை. அம்மா வெள்ளையம்மா அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும், "நல்ல பொம்பள, பாவம்" என்பதோடு முடித்துவிடுவார்கள். ஒரு நாள் தன் வண்டியின் பெட்ரோல் முறைக்கு வந்தவள், ஊற்றிவிட்டுச் சும்மா நின்றாள்.

"காலைல இந்த இடத்துலதான் ஒரு அக்கா பிள்ளையைக் கொண்டாந்து என் டேங்க் மேல உக்கார வச்சாங்க" என்று துளசிராமே பேச்செடுத்தான். "வெள்ளையம்மான்னு யாரோ கூப்பிட்டாங்க. அந்தப் பிள்ளை என் கிளட்ச் கம்பியைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு அழுகை. அவங்க இழுக்கல, கொள்ளல. ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாங்க. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பேர்."

செல்லக்கனி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, "என்ன பேர்?" என்றாள்.

"சுண்டுவிரல் கருவாட்டுத் திருடி. அடுத்தது மோதிரம் தொலைச்சவ. நடுவிரல் நெட்டைக் கொக்கு. ஆள்காட்டி கோள்மூட்டி. கட்டைவிரல் குண்டு மாமா. கடைசி விரல் வர்றதுக்குள்ள அது அழுகையை நிறுத்திட்டுச் சிரிக்குது. அவங்களுக்கும் சிரிப்பு. முன்பல்லு ரெண்டும் லேசா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருக்கும், அதை மறைக்க வாயைப் பொத்திக்கிட்டு."

செல்லக்கனி அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வலது கையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அந்தப் பிள்ளை நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. நாக்கை மட்டும் முன்பல்லில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் இருந்தது. மறுநாள் தொடங்கி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் விரல்களை அந்தப் பேர்களால்தான் கூப்பிட்டார்கள்.

இப்படி எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருந்ததால், அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. அவன் மறக்கவில்லை. ஒவ்வொரு கதைக்கும் கடைசியில், "சரி, யார் முதல்ல?" என்பான். பிரசிடெண்ட், "நீங்கதான் ஜெயிச்சீங்க தம்பி, சந்தேகமென்ன" என்றார். "நான் கோட்டைத் தாண்டினத நீங்க பாத்தீங்களாக்கா?" "பாக்கல." "பாக்காமச் சொல்லாதீங்க." ராக்கப்பன், "காசிம் பாய்தான்னு கப்புக் குடுத்தாங்க" என்றான். "அப்ப காசிம் வந்து என்கிட்டச் சொல்லட்டும்."

காசிம் வரவில்லை. ரெட்டை சைலன்சர் சத்தம் கேட்ட அன்றே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஒரு கூட்டமாகப் போய்க் கூப்பிட்டோம். "கப்பைத் திருப்பிக் கேப்பாருன்னு பயமா பாய்?" என்று ராக்கப்பன் சீண்டினான். அவர் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் ஜெயிக்கலன்னு..." என்று ஆரம்பித்தார். "அதைத்தான், அதைத்தான் அவர்கிட்ட வந்து சொல்லுங்கங்கறோம்" என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. உண்மையில் எங்களுக்கும் அவசரம் இல்லை. பதில் கிடைத்தால் துளசிராம் வண்டியை அணைத்துவிடுவான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

ஆனால் செல்லக்கனி ஒன்றைக் கவனித்திருந்தாள். பேச்சு ஓய்கிற நேரங்களில் துளசிராம் வலது பக்கம், காலியாகக் கிடக்கும் அடுத்த தடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அப்படிப் பார்க்கும்போது மட்டும் அவன் முகம் வீட்டுக்கு வழி தெரியாதவன் முகமாக இருந்தது. அவன் தனக்கு ஐந்து பேர்களைக் கொடுத்திருக்கிறான், தான் அவனுக்கு ஒரு பேரைக்கூடக் கொடுக்கவில்லை என்று அவளுக்கு உறுத்தியது.

ஒரு காலைப்பொழுதில் காசிம் வீட்டு வாசலில் போய் நின்று, "மாமா, நான் வெள்ளையம்மா மக" என்றாள். கதவு திறந்தது. அவர் பாயை விரித்தார், இவள் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர், "நான் ஜெயிக்கல" என்றார். சொல்லிவிட்டு, வழக்கப்படி அவள் முடித்துவைப்பதற்காகக் காத்திருந்தார். அவள் முடித்துவைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. அவர் அதைப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. அவருக்குத் திகைப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்கு அப்பால் அவரை யாரும் அழைத்துக்கொண்டு போனதில்லை. வழி மறந்தவர்போலக் கொஞ்சம் திணறி, பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் ஜெயிக்கல. நான் கோட்டைத் தாண்டவே இல்ல."

செல்லக்கனி தலையைக்கூட ஆட்டவில்லை.

"வத்தலுக்குள்ள போனதும் கண்ணுல பொடி. கண்ணைத் தொறக்க முடியல, காது மட்டும்தான் இருக்கு. அவன் வண்டிச் சத்தம் எனக்கு இடப்பக்கம், முழங்காலுக்கு நேரே வந்துக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு அது இல்ல. அது இல்லைன்னதும் என் கை தானா அடங்கிப்போச்சு. பிரேக் அடிச்சேன். ரேஸ்னா பக்கத்துல ஆள் வேணும்மா. ஆள் இல்லாம எங்க போய் ஜெயிக்கிறது. கோடு எனக்கு முன்னால, மிளகாய்க்குக் கீழ கிடந்துச்சு. அதுக்குள்ள கையைத் தூக்கிட்டாங்க."

"அப்ப அவர்கிட்ட வந்து இதைச் சொல்லலாமில்ல மாமா?"

"ஊர்ல யாரும் கேக்கல. அவன் ஒருத்தன் கேப்பான்னுதான் இத்தனை காலமும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவனும் பாதியில சிரிச்சுட்டான்னா, அப்புறம் எனக்கு யார் இருக்கா?"

"அவர் இன்னைக்கு வரைக்கும் யார் பேச்சையும் பாதியில வெட்டல மாமா" என்றாள் செல்லக்கனி. "பூச்சித்தேவர் பேச்சையே முழுசாக் கேட்டார்."

அது காசிமுக்குப் போதுமானதாக இருந்தது. பூச்சித்தேவர் பேச்சைப் பற்றி அவருக்கும் தெரியும்.

செல்லக்கனியின் பிஃப்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தார். தூரத்திலேயே துளசிராம் பார்த்துவிட்டான். "என்னடா காசிம், பொடி தலையெல்லாம் ஏறிடுச்சா? வெள்ளையா இருக்கு."

"அதை மெல்லச் சொல்றேண்ணே" என்றார் காசிம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஜெயிக்கல" என்றார்.

கூட்டத்தில் ராக்கப்பனுக்கு வாய் திறந்தது. அங்கம்மா அவன் தொடையில் கிள்ளினார். துளசிராம் ஆக்சிலேட்டரைத் தணித்து, ஹெல்மெட்டைக் கழற்றி, காதை நன்றாகக் கொடுத்தான். காசிம் கடைசிவரை சொல்லி முடித்தார். பிளேன்ரோட்டில் அத்தனை பேர் இருந்தும் ஒரு தும்மல் இல்லை.

"அப்ப நானும் தாண்டல, நீயும் தாண்டல" என்றான் துளசிராம். அவன் முகம் தெளிந்தது. "ரேஸ் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வண்டியை எடு."

அப்புறம் எங்கள் ஊர் செய்த வேலையை வேறு எந்த ஊரும் செய்திருக்காது. மிளகாய் முழுவதையும் கூட்டி அள்ளினோம். பிரசிடெண்டே துடைப்பம் பிடித்தார். தரை தெரியத் தெரிய, பழைய சுண்ணாம்புக் கோடு, நேற்றுப் போட்டதுபோல வெள்ளையாக, துளசிராமின் முன்சக்கரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் கிடந்தது. காசிமின் பழைய வண்டி என்றோ இரும்புக்கடைக்குத் திரும்பியிருந்ததால் செல்லக்கனியின் பிஃப்டிதான் அவருக்கு. புழுதி எழுந்தபோது யார் சக்கரம் எங்கே இருந்தது என்பதில் சண்டை வந்தது. "அண்ணன் அரைச்சக்கரம் முன்னால" என்றார் காசிம். "சமமாத்தான் இருந்தோம், எனக்குச் சலுகை வேணாம்" என்றான் துளசிராம். பார்த்தவர்கள் சொல்லட்டும் என்று ராக்கப்பன் சொன்னான். ஊர்க் கிழங்கள் எல்லாம் எழுந்து வந்து, ஒருவர் வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ள, இன்னொருவர் நாலு விரல் பின்னால் இழுக்க, நாங்கள் ஒவ்வொருவர் பேச்சையும் கடைசிச் சொல் வரை கேட்டு, கேட்டபடியே தள்ளியும் இழுத்தும் நிறுத்திவைப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. கடைசியில் அரைச்சக்கரம் என்றே முடிவாயிற்று. காசிம் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வழக்கில் ஜெயித்தார்.

கொடிக்கு யாருடையதோ மஞ்சள் துண்டு. ஆனால் துளசிராமின் வண்டி நகர முடியவில்லை. செல்லக்கனி வந்து கிளட்ச் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "விடும்மா" என்று பிரசிடெண்ட் அதட்டினார். அவள் விடவில்லை, அழவுமில்லை.

துளசிராம் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். மிளகாய்ப் புழுதி என்று அவன் நினைத்திருந்ததெல்லாம் புழுதி இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசிமின் தலையை, அங்கம்மாவின் வாயை, எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி அந்தக் கைக்கு வந்தான். இழுக்கவில்லை. குனிந்து, "கருவாட்டுத் திருடி" என்று சுண்டுவிரலைப் பிரித்தான். "மோதிரம் தொலைச்சவ. நெட்டைக் கொக்கு. கோள்மூட்டி."

குண்டு மாமாவுக்கு வருவதற்குள் செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

துண்டு இறங்கியது. துளசிராம் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் காசிம் அவனை மன்னித்திருக்க மாட்டார். ரெட்டை சைலன்சர் ஒரு முழக்கம் முழங்கி, நாங்கள் கண்ணைச் சிமிட்டுவதற்குள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. பிஃப்டி படபடபடவென்று, ஒரு தாத்தா படியேறுவதுபோல, நிதானமாக வந்து கோட்டைத் தாண்டியது. காசிம் இரண்டு கையையும் தூக்கினார். "ரெண்டாவது" என்றார். "நான் ரெண்டாவது." யார் கையையும் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். நாற்பது வருஷம் ஜெயித்துக் களைத்தவர் தோற்றதில் முகமெல்லாம் விளக்கேற்றியதுபோல ஆகிவிட்டது.

துளசிராம் சாவியைத் திருப்பினான். அந்தச் சத்தம் நின்றபிறகுதான் அது எவ்வளவு நாளாக எங்கள் காதில் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கண்மாயில் நாரை கத்துவது கேட்டது. அவன் மறையவில்லை, நரைக்கவுமில்லை. வண்டியை விட்டு இறங்கி, மரத்துப்போன காலை உதறி, "பசிக்குது" என்றான். அங்கம்மா ஓடினார். ராக்கப்பன் கப்பிலிருந்த கரண்டிகளைக் கல்லாவில் கொட்டிவிட்டு, கப்பை வேட்டியால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். டீத்தூள் வாசம் போகவில்லை. துளசிராம் அதிலேயே டீ வாங்கிக் குடித்தான்.

குடித்து முடித்து, "வீட்ல தேடுவாங்க" என்றான்.

அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் காசிம்தான். வருஷா வருஷம் மதுரைக்குப் போய் துளசிராம் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தவர் அவர். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, சாயப்பட்டறை இப்போது என்னவாக இருக்கிறது, தங்கச்சி பேரனுக்கு யார் பேரை வைத்திருக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

"நானும் வர்றேண்ணே. போற வழியில சொல்றேன். கொஞ்சம் நீளமான கதை" என்றார்.

"ஏறு."

காசிம் பின்னால் ஏறி, கப்பை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பிளேன்ரோட்டை விட்டு இறங்கி மெயின்ரோட்டுக்குப் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் ஹெல்மெட்டைப் போடவில்லை, அது ஹாண்டில்பாரில் ஊறுகாய் பாட்டிலோடு ஆடிக்கொண்டிருந்தது. காசிம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு சொல்லும் காற்றில் போய்விடாதபடி, மாட்டுவண்டிபோல ஓட்டினான். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டு அவர்களை முந்திப் போனது.